அந்த டார்க் வளைவைக் கொஞ்சம் காட்டுங்கள்: பைக் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் சைக்கிள் நிறுவனங்களில் விவரத்தாள் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதுவதை வரி விடாமல் படிக்கிறவன் நான். புது வண்டி வந்தால் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கடைசிப் பக்கத்துக்குப் போய், போர், ஸ்ட்ரோக், எடை, சீட் உயரம் என்று மேய்கிற ஆள். எங்கள் கூட்டத்தில் இப்படி ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். ஹோண்டாவா யமஹாவா, இரண்டு சிலிண்டரா நான்கா என்று தொண்டை வற்றப் பேசுவோம். அந்தச் சண்டைகளில் பாதிக்கு நீங்கள்தான் காரணம் என்று சொல்லவும், எஞ்சினின் முறுக்குவிசையான டார்க் அதன் சுழற்சி வேகத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் கோட்டை, அதாவது டார்க் வளைவை, விவரத்தாளில் போடுங்கள் என்று கேட்கவும்தான் இந்த மடல்.

ஒரு சண்டையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நண்பனிடம் இருப்பது 2007 மாடல் ஹோண்டா சிபிஆர் 600 ஆர்ஆர். நான்கு சிலிண்டர், 599 சிசி, விவரத்தாளின்படி 120 குதிரைத்திறன். என்னிடம் இருப்பது 2014-இல் வந்த யமஹா எம்டி-07. இரண்டு சிலிண்டர், 689 சிசி, 75 குதிரைத்திறன். "120 எங்கே, 75 எங்கே? இதில் பேச என்னடா இருக்கிறது?" என்பான். பிக்கப், இழுவை என்று நான் ஏதோ சொல்லிப் பார்ப்பேன். தோற்றவன் சொல்லும் சமாதானம் மாதிரியே அது கேட்கும்.

கடைசியில் சாவியை மாற்றிக்கொண்டு ஒரு மலைப்பாதையில் ஏறினோம். அவன் வண்டியில் நான். ஒரு கொண்டை ஊசி வளைவிலிருந்து மூன்றாவது கியரிலேயே வெளியே வந்து ஆக்சிலேட்டரை முறுக்கினேன். சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. இரண்டு கியர் குறைத்து, எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் மேலே போன பிறகுதான் முதுகில் ஒரு தள்ளு கிடைத்தது. அதற்குள் அவன் அடுத்த வளைவில் மறைந்துவிட்டான். கியரைத் தொடவே இல்லை என்று பிறகு சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சரி, கதை அதோடு முடியவில்லை. மேலே போனதும் நேர்ச்சாலை வந்தது. அங்கே அவனுடைய வண்டியில் நான் அவனைத் தாண்டிப் போன வேகத்தில் என் வாதமும் கிழிந்துபோனது.

இரண்டு வண்டியும் பொய் சொல்லவில்லை. என் வண்டியின் உச்ச டார்க் 68 நியூட்டன் மீட்டர், அது வருவது 6,500 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 6,500 முறை சுழலும்போது. அவனுடையது 66, ஆனால் 11,000-ஐத் தாண்டிய பிறகு. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் கணக்கில் பவர் வந்துவிடும். அப்படிப் போட்டால் 6,500-இல் என் வண்டி ஏற்கெனவே 46 கிலோவாட், அதாவது 63 குதிரைத்திறன் தந்துகொண்டிருக்கிறது. அதே 6,500-இல் அவன் வண்டி என்ன தருகிறது? அதைத்தான் விவரத்தாள் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி முள் நிற்கிற இடம் 3,000-க்கும் 7,000-க்கும் நடுவில்தான். நீங்கள் தருவது மலையுச்சியின் உயரத்தை. நாங்கள் நடப்பதோ அடிவாரத்தில்.

அந்த முழு டார்க் வளைவும் உங்களிடம் இருக்கிறது. எஞ்சினின் திறனை அளக்கும் டைனமோமீட்டரில் அதை ஏற்றி ஓட்டாமல் உச்சம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? சில நிறுவனங்கள் புது மாடல் அறிமுகத்தின்போது பத்திரிகையாளர்களுக்கு இந்த வரைபடத்தைக் கொடுப்பதும் உண்டு. பணம் கொடுத்து வாங்குகிறவனுக்கு மட்டும் ஏன் இரண்டே புள்ளிகள்?

குதிரையிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. ஒருவர் மெட்ரிக் குதிரைத்திறனான பிஎஸ் போடுகிறார், இன்னொருவர் பிரிட்டிஷ் குதிரைத்திறனான பிஎச்பி போடுகிறார். 100 பிஎஸ் என்றால் 98.6 பிஎச்பிதான். ஒன்றரைக் குதிரைக்காக ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கிறோம், கடைசியில் பார்த்தால் அலகுதான் வேறு. கிலோவாட்டில் போட்டுவிடுங்கள், தொல்லை விட்டது.

எடைக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொந்தக் காயம் உண்டு. முன்பு ஒரு வண்டி வாங்கினேன், யாருடையது என்று சொல்லப்போவதில்லை. தாளில் இருந்த எடையைப் பார்த்து, நம் உடம்புக்குச் சரியாக இருக்கும் என்று நம்பினேன். முதல் வாரம் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்து, ஒரு சரிவில், முன்சக்கரம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தினேன். திரும்பி வந்து பின்னால் இழுத்தால் அசையவில்லை. இறங்கி நின்று இழுத்தேன். சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றித் தள்ளினேன். ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. வழியே போன ஒருவர் ஒன்றும் கேட்காமல் முன் ஃபோர்க்கைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எடைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "உலர்" என்று ஒரு சொல்.

உலர் எடை என்றால் பெட்ரோல் இல்லை, ஆயில் இல்லை, கூலன்ட் இல்லை. சிலர் பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டு எடை போடுவார்கள். 17 லிட்டர் பெட்ரோல் மட்டுமே 12 கிலோவைத் தாண்டும். மற்றதையும் சேர்த்தால் 20 கிலோ சாதாரணமாகக் கூடிவிடும். எல்லாம் நிரப்பிப் போடுவது ஈர எடை. அண்மைக்காலமாக "பெட்ரோல் நீங்கலாக ஈர எடை" என்று ஒரு புது ரகம் வந்திருக்கிறது. குளித்தேன், ஆனால் தலை நனையவில்லை என்பது மாதிரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 168/2013 விதியில் ஓடும் நிலை எடை எப்படிப் பார்ப்பது என்று தெளிவாக இருக்கிறது, டேங்க் 90 விழுக்காடாவது நிரம்பியிருக்க வேண்டும். அந்த ஒரே கணக்கை எல்லோரும் எல்லா இடத்திலும் போட்டால் என்ன? முன்சக்கரத்தில் எத்தனை கிலோ, பின்சக்கரத்தில் எத்தனை கிலோ என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

சீட் உயரமும் இப்படித்தான். 800 மில்லிமீட்டர் என்று இரண்டு வண்டிக்குப் போட்டிருக்கும். ஒன்றில் பாதம் முழுக்கப் பதியும், இன்னொன்றில் கால்விரல்தான் தொடும். சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாது. ஆள் ஏறியதும் ஷாக் அப்சார்பர் எவ்வளவு அமுங்குகிறது என்பதும் உண்டு. ஒரு காலின் தரையிலிருந்து சீட் வழியாக மறுகாலின் தரை வரை டேப் வைத்து அளந்து அந்த அளவைப் போடுங்கள். குள்ளமான நண்பர்கள் உங்களை வாழ்த்துவார்கள். நான் உட்பட.

எண்ணெல்லாம் சரியாக வந்துவிட்டால் சண்டை நின்றுவிடும் என்று நான் நினைக்கவில்லை. நிற்கவும் வேண்டாம். பைக் பிரியர்களின் சண்டையிலிருந்து நல்லதும் பிறந்திருக்கிறது. ஐம்பது, அறுபதுகளில் பிரிட்டனில் எஞ்சின் என்றால் ட்ரையம்ஃப், சேஸிஸ் என்றால் நார்ட்டன் என்று ஒரு பேச்சு. மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள் வடிவமைத்து 1950-இல் பந்தயத்துக்கு வந்த நார்ட்டனின் ஃபெதர்பெட் சட்டகம் வளைவில் அவ்வளவு நிதானமாக நிற்கும். இளைஞர்கள் என்ன செய்தார்கள்? நார்ட்டன் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு அதே சட்டகத்தில் ட்ரையம்ஃப் எஞ்சினை உட்கார வைத்து, ட்ரைட்டன் என்று பெயரும் வைத்தார்கள். இரண்டு கம்பெனியும் செய்யாத வண்டி அது. எனக்கு இன்றைக்கும் ஒரு வண்டி இலவசம் என்று யாராவது சொன்னால் அதைத்தான் கேட்பேன்.

சத்தத்துக்கு வரைபடம் கேட்கவில்லை, அதை எங்களிடமே விட்டுவிடுங்கள். ஹார்லியின் வி-ட்வினில், அதாவது இரண்டு சிலிண்டரும் 45 பாகையில் வி வடிவாக நிற்கும் எஞ்சினில், இரண்டு பிஸ்டனின் கனெக்டிங் ராடும் கிராங்க் என்ற சுழலும் தண்டின் ஒரே பின்னில் உட்கார்ந்திருப்பதால் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 315 பாகைச் சுழற்சி, பிறகு 405 பாகை. அந்த நொண்டித் தாளம் எனக்குப் பிடிக்காது. அதற்காகவே வண்டி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 1994-இல் அந்தச் சத்தத்தையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய ஹார்லி-டேவிட்சன் விண்ணப்பித்தது, எதிர்ப்பு வலுத்து 2000-இல் கைவிட்டது. நான் விரும்பும் தாளம் வேறு. கிராங்கை 270 பாகையில் வைத்த இரட்டை சிலிண்டர். யமஹா 1995-இல் டிஆர்எக்ஸ் 850-இல் கொண்டுவந்தது, இன்றைக்கு ட்ரையம்ஃபும் ராயல் என்ஃபீல்டும் ஹோண்டாவும் அதையே வைக்கிறார்கள். இதைச் சொன்னால் நண்பன், "எல்லோரும் செய்தால் அப்புறம் அதில் என்ன தனித்துவம்?" என்பான். இதெல்லாம் எண்ணால் தீராத சண்டை. இதற்குத்தான் எங்களுக்கு நேரம் வேண்டும். உலர் எடை எது, ஈர எடை எது என்று துப்பறிவதிலேயே மாலை போய்விடுகிறது.

ஆளுக்கொரு நிறுவனம், ஒரே அளவுமுறைக்கு எப்படி உடன்படுவது என்று கேட்பீர்கள். 1999-இல் சுஸுகி ஹயபுசா மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிக் காட்டியது. பந்தயம் எங்கே போய் முடியுமோ என்ற கவலை வந்ததும் பெரிய நிறுவனங்கள் எல்லாம் சத்தமில்லாமல் 299-இல் நிறுத்திக்கொண்டன. சட்டம் போட்டு யாரும் நிறுத்தவில்லை. வேகத்துக்கு ஒத்துப்போக முடிந்தவர்களுக்கு எடை போடுவதில் ஒத்துப்போவதா கஷ்டம்?

டார்க் வளைவைப் போட்டால் சில வண்டிகளில் நடுவில் ஒரு பள்ளம் தெரியும், விற்பனைப் பிரிவு முகம் சுளிக்கும். அது புரிகிறது. ஆனால் வாங்கிய மறுநாளே அந்தப் பள்ளத்தை நாங்கள் வலது கையால் கண்டுபிடித்துவிடுகிறோம். அப்போது வருகிற கோபம் பெரிது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் மேல் ஆர்பிஎம்மில் பாய்கிற குணத்துக்காகவே அதை விரும்பி வாங்குகிறவன் வந்திருப்பான். என் நண்பன் மாதிரி.

அடுத்த மாடலின் தாளில் அந்த வரைபடம் மட்டும் வந்துவிட்டால், முதலில் அவனிடம்தான் கொண்டுபோவேன். 6,500-இல் விரலை வைத்துக்கொண்டு.

இப்படிக்கு,
தாளின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ஒருவன்