வட்டின் வகையை ஊகிக்கும் ஸ்கிரிப்ட் பற்றி ஒரு திறந்த மடல்

பெங்களூரில் பழைய தமிழ் நூல்களை மின்வருடிச் சேமிக்கும் நம் குழுவின் கணினிப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய வட்டு ஒன்றில் மூன்று வாரப் பக்கப் படங்களை ஏற்றியிருந்தோம். கணினியை மறுபடி தொடங்கியதும் வட்டு மவுண்ட் ஆகவில்லை, அதாவது அதிலுள்ள கோப்புகளைக் கணினி திறக்கவில்லை. வட்டில் கோப்புகள் எந்த முறையில் அடுக்கப்பட்டுள்ளன என்று ஊகிக்கும் நம் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) அதை 'அறியாத வகை' என்று காட்டி, ஃபார்மட் செய்யலாமா (அழித்துப் புதிதாக அமைக்கலாமா) என்று கேட்டது. அன்று பணியிலிருந்த அக்கா 'சரி' என்று அழுத்தாமல் என்னை அழைத்ததால் படங்கள் பிழைத்தன.

வட்டில் கோளாறு எதுவும் இல்லை. அதன் முந்தைய உரிமையாளர் இசட்எஃப்எஸ் (ZFS) என்ற கோப்பு முறையைப் பயன்படுத்தியிருக்கிறார். அந்த முறை தன் அடையாள முத்திரையைப் பகிர்வின் (வட்டில் பிரித்த பகுதியின்) தொடக்கத்தில் இரண்டு, இறுதியில் இரண்டு என நான்கு இடங்களில் எழுதிவைக்கும். நாம் அதே பகிர்வில் ஈஎக்ஸ்டி4 (ext4) என்ற வேறு கோப்பு முறையை அமைத்தபோது இறுதியில் இருந்தவை அழியவில்லை. ஈஎக்ஸ்டி4 தன் முத்திரையைத் தொடக்கத்திலிருந்து 1080 பைட் தள்ளி வைக்கிறது. இரண்டு முத்திரைகளையும் கண்ட, வகையைக் கண்டறிந்து சொல்லும் பிளாக்ஐடி (libblkid) நிரல் நூலகம் எதையும் தேர்ந்தெடுக்காமல் விலகிக்கொண்டது. அது சரியான செயல்தான். அந்த மௌனத்தை 'வெற்று வட்டு' என்று நம் ஸ்கிரிப்ட் பொருள்கொண்டதே தவறு.

இன்னொரு தவறும் உண்டு. வகை தெரியாதபோது ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வகையாக, படிக்க மட்டும் என்ற நிலையில், மவுண்ட் செய்து பார்க்கிறது. இதனால் தீங்கில்லை என்று நினைக்கிறோம். ஆனால் படிக்க மட்டும் மவுண்ட் செய்தாலும் ஈஎக்ஸ்டி4 தன் ஜர்னலை (முடியாத மாற்றங்களின் குறிப்பேட்டை) மீண்டும் ஓட்டி வட்டில் எழுதக்கூடும். பகிர்வு அட்டவணையை நம்பலாமா என்றால், பழைய எம்பிஆர் (MBR) வகை அட்டவணையில் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் என்ற இரண்டு கோப்பு முறைகளுக்கும் 07 என்ற ஒரே குறிதான்.

ஆகவே, முத்திரை குழப்பமாக இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று, கண்டவை அனைத்தையும் இடத்தோடு காட்ட வேண்டும். ஃபார்மட் என்ற சொல்லையே அந்தத் திரையிலிருந்து எடுத்துவிட வேண்டும். எந்த வட்டை எப்படி மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் 'ஆட்டோ' என்பதற்குப் பதிலாக வகையை எழுதி, வட்டைப் பகிர்வு அட்டவணையிலுள்ள அடையாள எண்ணான பார்ட்யூயூஐடி (PARTUUID) மூலம் குறிப்பிடுவது நல்லது. கோப்பு முறையின் அடையாள எண்ணான வெறும் யூயூஐடி (UUID) இதே ஊகத்தைச் சார்ந்தது என்பதால் குழப்பத்தில் அதுவும் காணாமல் போகும். பிறர் பயன்படுத்திய பழைய வட்டுகளை ஃபார்மட் செய்யும் முன், முத்திரைகளை நீக்கும் வைப்எஃப்எஸ் (wipefs) கட்டளையால் துடைப்பது கட்டாயமாகட்டும்.

இந்த மாற்றங்களை நானே எழுதித் தருகிறேன். வரும் ஞாயிறு வந்து, படங்களைப் படியெடுத்த பின் இசட்எஃப்எஸ் முத்திரையை மட்டும் நீக்கிவிடலாம். அதுவரை அந்த வட்டை யாரும் நம் கணினியில் செருக வேண்டாம்.