கயலுக்கு, மும்பை செம்பூரிலிருந்து

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் விளக்கைப் போடாமலே பேசினாய். கண் கூசுகிறது என்றாய். அம்மா கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டாய். சரி, நானும் கேட்கவில்லை. அங்கே பிள்ளைகளுக்குச் சொல்ல ஹாங்காங் செவன்ஸ், அதாவது அங்கே நடக்கும் ஏழு பேர் ரக்பி போட்டியின் வரலாறு வேண்டும் என்றாயே, அதை எழுதுகிறேன்.

ஏழு பேர் ரக்பி ஹாங்காங்கில் பிறந்ததில்லை. 1883-இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் ஊரில், நெட் ஹேய்க் என்ற கறிக்கடைக்காரர் கிளப்புக்குப் பணம் திரட்டச் சொன்ன யோசனை அது. 15 பேர் ஆட்டம் என்றால் ஒரே நாளில் பல அணிகளை இறக்க முடியாது. அதனால் ஆளையும் நேரத்தையும் குறைத்தார்கள். ஹாங்காங்கில் முதல் போட்டி 1976 மார்ச் 28-இல், ஹேப்பி வேலி மைதானத்தில் நடந்தது. 12 அணிகள். ஜெயித்தது நியூசிலாந்தின் கேன்டாப்ரியன்ஸ். அடுத்த இரண்டு வருடமும் ஃபிஜி.

பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்: 15 பேர் ரக்பிக்கு உலகக் கோப்பையே 1987-இல்தான் வந்தது. அதற்கு 11 வருடம் முன்பே டோங்காவும் ஜப்பானும் இலங்கையும் ஆஸ்திரேலியர்களோடு ஒரே மைதானத்தில் இறங்கிவிட்டன. 1982-இல் போட்டி ஹாங்காங்கிலேயே சோ கோன் போ மைதானத்துக்கு மாறியது. அந்த மைதானத்தை இடித்துக் கட்டி, 1994-இல் 40,000 பேர் உட்காரும்படி ஆக்கினார்கள். 1997, 2005 இரண்டு செவன்ஸ் உலகக் கோப்பையும் அங்கேதான். இரண்டையும் ஃபிஜி எடுத்தது, இரண்டிலும் அவர்களுடைய செரேவி ஆடினார். பெண்கள் போட்டி தொடங்கியதும் 1997-இல். 2025-இலிருந்து எல்லாம் காய் டாக்கில், பழைய விமான நிலையம் இருந்த இடத்தில்.

இனி ஆட்டம். மைதானம் 15 பேர் ஆட்டத்துக்கு உள்ள அதே அளவு, ஆள் மட்டும் இரண்டு அணியும் சேர்த்து 14. பாதிக்கு 7 நிமிடம், நடுவில் 2 நிமிடம். ஸ்க்ரமில், அதாவது இரு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளிப் பந்துக்குப் போட்டியிடும்போது, பக்கத்துக்கு 3 பேர். ட்ரை என்றால் எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது. அதன் பிறகு கூடுதல் புள்ளிக்கு உதைக்கும் கன்வர்ஷன் டிராப் கிக்தான், பந்தைத் தரையில் போட்டு எழும்பும்போது உதைப்பது. ட்ரை போட்ட அணியே மறுபடி பந்தை உதைத்துத் தொடங்க வேண்டும். அந்த உதை 10 மீட்டர் தாண்டாவிட்டால் எதிரணிக்கு நடுக்கோட்டில் ஃப்ரீ கிக், அதாவது பந்து அவர்கள் கைக்குப் போய்விடும்; இதில் கைவிட்ட ஆட்டங்கள் நிறைய. இவ்வளவு திறந்த வெளியில் டேக்கிள், பந்தோடு ஓடுகிறவளைப் பிடித்து விழுத்துவது, பெரும்பாலும் தனியாளாகப் போடுவது. உதவிக்கு ஆள் வராது, எதிரே வருகிறவள் முழு வேகத்தில் வருவாள்.

நீ அனுப்பிய கிளிப்பைப் பார்த்தேன். கடைசி ஆளாக நின்று அவளை விழுத்தினாயே, தெருவில் எல்லோருக்கும் காட்டினேன். ஆனால் உன் தலை அவள் முன்னால் போகிறது. தோள் முதலில், தலை அவள் முதுகுப் பக்கம், கன்னம் இடுப்பை ஒட்டி, கண் திறந்து. எத்தனை தடவை சொன்னது! தலை முன்னால் போனால் முட்டியோ இடுப்பெலும்போ நேராக வந்து மோதும்.

செவன்ஸில் இன்னொரு ஆபத்து, ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் இருக்கும். காலையில் அடிபட்டவளுக்கு மத்தியானம் சரியானது போலிருக்கும். அதை நம்பக் கூடாது. தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தாலே வெளியே வர வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறங்கக் கூடாது. பெஞ்சில் 5 பேர் அதற்குத்தான் இருக்கிறார்கள். தலைவலி, கண் கூச்சம், குமட்டல், தூக்கம் கெடுவது, எரிச்சல், எது இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். கிளப் ஆட்டக்காரர்கள் அடிபட்ட நாளிலிருந்து 21 நாளாவது போட்டியில் இறங்கக் கூடாது. அறிகுறியே இல்லாமல் 14 நாள் போன பிறகுதான் மோதல் பயிற்சி. 21 என்பது குறைந்தபட்சம், கயல். தலைவலி இருந்தால் அது நீளும்.

இங்கே அந்தேரியில் 2025-இல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது, செவன்ஸ்தான், சென்னை புல்ஸ் கோப்பையை எடுத்தது. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாரத்துக்கு இரண்டு வரி எழுத உனக்கு என்ன கஷ்டம்? பெரியப்பா விஷயம் முடிந்தது, அம்மா சொல்வாள்.

டாக்டரைப் பார்த்தாயா? என்ன சொன்னார்? எந்தத் தேதியில் அடிபட்டது என்று எழுது. அம்மாவிடம் எதைச் சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். வெளிச்சம் கூசினால் போனை நோண்டாதே, யாரிடமாவது சொல்லி எனக்கு ஒரு குரல் மெசேஜ் போடச் சொல்.

அப்பா