ஐந்தில் ஒரு பங்கு என்று யார் சொன்னது? வரி விதி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

நாங்கள் செட்டிநாட்டு ஆத்தங்குடியில், வீட்டுத் தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறோம். பேருக்குப் பிரைவேட் லிமிடெட். டைரக்டர்கள் நானும் என் வீட்டுக்காரரும்தான். போன மாதம் எங்களுக்கு வந்த வருமான வரி ஆணையில் வேன் பெட்ரோல், ரிப்பேர், போன் பில் எல்லாவற்றிலும் ஐந்தில் ஒரு பங்கை ‘சொந்த உபயோகம்’ என்று சொல்லி, கம்பெனி செலவாக ஏற்காமல் வெட்டியிருக்கிறார்கள். ஏன் ஐந்தில் ஒன்று, ஏன் பத்தில் ஒன்று இல்லை என்பதற்கு அதில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

அந்த வேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நடு சீட்டு வரைக்கும்தான் இருக்கிறது, பின்னால் மரப்பெட்டி, பெட்டியில் வைக்கோல், வைக்கோலுக்கு நடுவே சாம்பிள் கல். கண்ணாடி மேல் அச்சை வைத்து ஒவ்வொரு கலராகக் கையால் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த கல் அது. லாரி ஆபீஸில் போட்டால் மூலை உடைந்துதான் போய்ச் சேரும், மூலை போன சாம்பிளைப் பார்த்து எந்த ஆர்க்கிடெக்டும் ஆர்டர் தரமாட்டார். அதனால் மதுரைக்கும் திருச்சிக்கும் நாங்களே கொண்டுபோய்க் காட்டுகிறோம். மதுரை போகிற அன்றைக்கு மாமியாரையும் ஏற்றிக்கொண்டு போய்க் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு, திரும்பும்போது ஆக்சைடு கலர் மூட்டை ஏற்றி வருவோம். இந்த ஒரு நடையில் எத்தனை கிலோமீட்டர் கம்பெனிக்கு, எத்தனை மாமியாருக்கு? எந்த நடை எதற்கு என்று எழுதிய லாக் புக் எங்கே என்று கேட்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவரும் முதலாளியும் கணக்கு எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் அது எழுதினாலும் நீங்கள் நம்பப் போவதில்லை.

சொந்த உபயோகமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 1962 வருமான வரி விதிகளில் 1.6 லிட்டர் வரையிலான எஞ்சின் உள்ள கம்பெனி வண்டியைச் சொந்த வேலைக்கும் சேர்த்து ஓட்டினால் மாதம் 1,800 ரூபாயைச் சம்பளத்தோடு சேர்க்கச் சொல்லியிருந்தது. அதை எங்கள் டைரக்டர் சம்பளத்தில் சேர்த்து வரியும் கட்டியாச்சு. அதே உபயோகத்துக்குக் கம்பெனி கணக்கிலும் மறுபடி வெட்டினால் என்ன நியாயம்? கம்பெனி வேறு, டைரக்டர் வேறு, கம்பெனிக்குச் சொந்த உபயோகம் என்று ஒன்று கிடையாது என்று குஜராத் உயர் நீதிமன்றம் சயாஜி அயர்ன் வழக்கில் தீர்ப்புச் சொல்லி எத்தனையோ வருஷமாகிறது. ஆடிட்டர் அதை எழுதியே கொடுத்தார். பதில் இல்லை.

அப்பீல் போகலாம், போகத்தான் போகிறோம். ஆனால் அது முடியும்வரை வசூலை நிறுத்திவைக்க, கேட்ட வரியில் 20 சதவீதத்தை முதலில் கட்டச் சொல்கிறது 2017-ல் வந்த உத்தரவு. பட்டறையில் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டிய பணம் அது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அளவை விதியிலேயே எழுதிவிடுங்கள்.

எழுத முடியாத விஷயமில்லை. 2005-ல், அப்போது எங்கள் சிவகங்கைத் தொகுதி எம்.பி.யாக இருந்த ப. சிதம்பரம் நிதியமைச்சராகக் கொண்டுவந்த சலுகை வரியில் (ஆட்களுக்குக் கொடுக்கும் சலுகைகளுக்காகக் கம்பெனி கட்டும் வரி, Fringe Benefit Tax), கம்பெனி கார் ஓடும் செலவில் 20 சதவீதத்தைச் சலுகையாகக் கணக்கிட வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தது. பிடித்ததோ இல்லையோ, எவ்வளவு என்று தெரிந்தது. 2009-ல் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள், ஆனால் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் இன்னும் ஆணைகளில் வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் தொழிலுக்கு ஓட்டும் காருக்கு மைலுக்கு இத்தனை சென்ட் என்று வரித்துறையே வருஷாவருஷம் அறிவிக்கிறது, 2025-க்கு 70 சென்ட். கம்பெனிகூட இல்லாமல் தனி ஆளாகத் தொழில் செய்கிறவர் பாடு எங்களைவிட மோசம். 1961 சட்டத்தின் 38(2) பிரிவு அதிகாரி பார்த்து எது நியாயமான பங்கோ அதை மட்டும் தொழில் செலவாக வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரிய கம்பெனி கட்டும் கிளப் சந்தா தொழில் செலவுதான் என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. எங்களிடம் கல் பார்க்க வருகிறவர்களைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. வீட்டில் ஆக்கிப் போட்ட சாப்பாட்டுக்குப் பில் கேட்டால் நான் எங்கே போவது? பில் இருக்கிறவருக்குச் செலவு, இல்லாதவருக்குச் சந்தேகம் என்றுதான் நடக்கிறது.

பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்து, ஐந்தொகை (வரவு செலவு, சொத்து கடன் இருப்புக் கணக்கு) போட்டு, கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் பிரித்தே எழுதிய ஊர்கள் இவை. கடையை நடத்தக் கடல் தாண்டிப் போன மேலாளுக்குச் (ஏஜெண்டுக்கு) சம்பளம் எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு என்று கப்பல் ஏறும் முன்பே சம்பளச் சீட்டில் எழுதிக்கொண்டார்கள். நாங்களும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேன், போன், வீட்டிலேயே இருக்கும் ஆபீஸ் அறை, இந்த மூன்றுக்கும் சிறு தொழில்காரர் எத்தனை சதவீதத்தைச் சொந்தச் செலவாக ஒதுக்க வேண்டும் என்று ஒரு அளவு போடுங்கள். அதன்படி ஒதுக்கியவரிடம் மேற்கொண்டு வெட்ட வேண்டாம், டைரக்டர் சம்பளத்தில் ஏற்கெனவே காட்டியதைத் திரும்பத் தொட வேண்டாம். அந்த விதியைத் தமிழிலும் வெளியிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஆத்தங்குடிக் கல் பட்டறைக்காரி ஒருத்தி