ஆடி மாதத்தில் எந்தப் பக்கம் ஓட்டலாம்

மக்ளே,

நீ அனுப்பின இலங்கை வரைபடத்தை போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொழும்பில் பைக் எடுத்து, காலி, மாத்தறை என்று கரையோரமாகவே போய், எல்ல ஏறி, நுவரெலியா, கண்டி வழியாகத் திரும்புவது. எல்லாம் ஒரே வாரத்தில், அதுவும் ஆடி மாதம்! பஸ் ஓட்டிப் பிழைத்தவன் என்பதால் சொல்கிறேன், பாதி நாள் மழைக்கோட்டோடு கடை வாசலில்தான் நிற்பாய்.

நம்ம ஊரையே நினைத்துப் பார். ஆனி, ஆடியில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழை விடாது. ரப்பர் தோட்டத்து ரோட்டில் பாசி பிடித்துக் கிடக்கும். அதே நேரத்தில் ஆரல்வாய்மொழியில் வெயிலடிக்கும், வண்டியைத் தள்ளுகிற மாதிரி காற்றும் அடிக்கும். இலங்கையிலும் அதே கதைதான். தென்மேற்குப் பருவமழையை இரத்தினபுரி, ஹட்டன், நுவரெலியாப் பக்கம் வாங்கிக்கொள்ளும். மலையைத் தாண்டி, எல்ல இருக்கிற ஊவாப் பக்கம் இறங்கும்போது அது வெறும் வறண்ட காற்று. கிழக்குக் கரையில் அறுகம்பைக்கு அலைச்சறுக்குக்காரர்கள் குவிவதும் இந்த மாதங்களில்தான்.

அதனால் கண்டியும் நுவரெலியாவும் இன்னொரு தடவைக்கு இருக்கட்டும். மாசியில் போனால் அங்கே நல்லாயிருக்கும். இப்போது கொழும்பிலிருந்து பஸ்ஸிலேயே எல்லவுக்குப் போய், அங்கே வண்டியை வாடகைக்கு எடு. பண்டாரவளை, அப்புத்தளை வழியாகப் பெரகலவுக்குப் போய், கொஸ்லந்தைப் பக்கம் இறங்கு. தியலும அருவி அந்த ரோட்டில்தான், 220 மீட்டர் உயரம். வெல்லவாயவில் திரும்பினால், இராவணா அருவியைப் பார்த்தபடி மறுபடி எல்லவுக்கு ஏறிவிடலாம். ஒரு நாளில் முடிகிற சுற்றுதான், ஆனால் நீ இரண்டு நாள் வைத்துக்கொள். அப்புத்தளைப் பக்கம் டீக்கடைகளில் தமிழே பேசலாம், தோட்டத்து ஜனங்கள் நம்ம ஆட்கள். கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபரில் மலை சரிந்து லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அப்படியே புதைந்து போயின. அந்த ரோட்டில் மழை பிடித்தால் வளைவில் ஒதுங்கி நின்று போட்டோ எடுக்காதே. ரோடு திறந்திருக்கிறதா என்று காலையிலேயே கடையில் கேட்டுவிட்டுக் கிளம்பு.

கியர் இல்லாத ஸ்கூட்டர் வேண்டாம். சமவெளியில் ஓட்ட சுகமாக இருக்கும், நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வரவேண்டும். பிரேக் சூடேறினால் பிடிப்பு போய்விடும். கியர் வண்டி என்றால், ஏறின கியரிலேயே இறங்கு. நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று உன் மாமா சொல்லுவான், அவன் பேச்சைக் கேட்காதே. அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டவேண்டும், அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் மலை ரோட்டில் பஸ்காரன் வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் வருவான். நானும் அப்படி எடுத்தவன்தான், வேறு வழி கிடையாது. ஹார்ன் கேட்டால் ஓரமாக நின்றுவிடு.

மீதி நாளில் மொனராகலை வழியாக, அறுகம்பைக்குப் பக்கத்து ஊரான பொத்துவிலுக்குப் போ. கடைசியில் லாகுகலைக் காட்டில் யானை ரோட்டைக் கடக்கும், இருட்டுவதற்கு முன்னால் அதைத் தாண்டிவிடு.

அப்புறம், எக்ஸ்பிரஸ்வேயில் பைக்கை விடமாட்டார்கள், மேப் காட்டினாலும் அந்தப் பக்கம் திரும்பாதே. பன்னாட்டு லைசென்ஸுக்கு இப்போதே எழுதிப் போடு, அதில் இருசக்கர வண்டியும் சேர்ந்திருக்கிறதா என்று பார். அங்கே இறங்கினதும் அதைக் காட்டி உள்ளூர் அனுமதியும் வாங்கவேண்டும்.

உன் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்ததும் நீயே போனில் சொல்லு, நான் பக்கத்தில் இருக்கிறேன்.

அப்பா
நாகர்கோவில்