பின்பக்க சிமென்ட் தரையை உடைத்துத் தோட்டம் போடப் போகிறோம், கை கொடுங்கள்

நம் நாலு பிளாக்கிலும் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். சி, டி பிளாக்குகளுக்குப் பின்னால் மதில் சுவரை ஒட்டி ஒரு கிரவுண்டுக்கு (2,400 சதுர அடி) சற்றுக் கூடுதலாகக் கிடக்கிறதே சிமென்ட் தரை, பாதியில் பழைய டைல்ஸும் உடைந்த சிங்க்கும் குவிந்திருக்கும் இடம், அதை உடைத்து எடுத்துவிட்டு மண் நிரப்பி மரமும் செடியும் வைத்து ஒரு மழைநீர்க் கிணறும் போடப் போகிறோம். பொதுக்குழு ஒப்புக்கொண்டுவிட்டது. மொத்தச் செலவு 3,48,000 ரூபாய். சங்கத்தின் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் தருகிறார்கள். மீதி 2,48,000 ரூபாயை நாம் 96 வீட்டாரும் சேர்ந்துதான் போட வேண்டும். வீட்டுக்கு 2,500 ரூபாய் கேட்கிறோம்.

மடிப்பாக்கத்தில் இருந்துகொண்டு தோட்டத்துக்கு எதற்கு இவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை கிண்டி பூங்காவுக்கோ செம்மொழிப் பூங்காவுக்கோ போய் வந்தால் போதாதா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எத்தனை ஞாயிறு நாம் உண்மையில் போகிறோம்? பிள்ளைக்கு டியூஷன், ஒரு கல்யாணம், வாஷிங் மெஷின் ரிப்பேர் என்று எல்லா ஞாயிறும் போய்விடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை ஏற்காடோ கொடைக்கானலோ போய் இரண்டு நாள் மூச்சு இழுத்துவிட்டு வந்து, மறுபடி லிஃப்ட், பார்க்கிங், டிராஃபிக். இயற்கைக்கு என்று தனியாக நேரம் ஒதுக்கினால் அது நடக்காது, நாம் எப்படியும் தினமும் நடக்கும் வழியிலேயே அது இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். வண்டி எடுக்கப் போகிறவர்கள், குப்பை போடப் போகிறவர்கள், பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், எல்லோரும் அந்தப் பக்கமாகத்தான் போகிறார்கள்.

2019-இல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் கேட்டுச் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருப்பவர்கள், அப்படிப் போகவே போகாதவர்களைவிட, உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொல்வது கூடுதலாக இருந்தது. அதை ஒரே மூச்சில் இருந்தாலும் சரி, பிரித்துப் பிரித்து இருந்தாலும் சரி, வித்தியாசம் தெரியவில்லையாம். அவர்கள் கணக்கில் எடுத்தது பூங்கா, காடு, கடற்கரை மாதிரி இடங்களை, சொந்த வீட்டுத் தோட்டத்தைச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். இருந்தாலும் எங்களுக்குப் பிடித்தது அந்தப் பிரித்துப் பிரித்து என்கிற பகுதிதான். ஒரு நாளைக்குப் பதினேழு பதினெட்டு நிமிடம்தானே வருகிறது, வேனுக்குக் காத்திருக்கும் நேரமும் சாயங்காலம் பேசிக்கொண்டே நிற்கும் நேரமும் சேர்ந்தால் அது ஆகிவிடும், என்ன, நிற்கிற இடத்தில் ஒரு மரம் வேண்டும்.

அதற்கும் முன்னால், 1984-இல், ரோஜர் உல்ரிச் என்பவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளைப் பார்த்து எழுதினார். ஜன்னல் வழியாக மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலுவான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சி பிளாக், டி பிளாக் பின்பக்கப் படுக்கையறை ஜன்னல்களைத் திறந்தால் இன்று என்ன தெரிகிறது? மதில் சுவர்தான். அந்த அறைகளில் வயதானவர்கள் இருக்கிறார்கள், சிலர் அதிகம் வெளியே வர முடியாதவர்கள். அவர்களுக்கு ஒரு புங்கை மரமும் அதில் வந்து உட்காரும் நாலு மைனாவும் தெரியட்டும் என்று மனதார ஆசைப்படுகிறோம்.

அப்புறம் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. இந்தக் கணக்கில் அந்தச் சிமென்ட் தரை மேல் மட்டும் வருடத்துக்கு மூன்று லட்சம் லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரி கணக்கில் 25 லாரித் தண்ணீர்! இன்றைக்கு ஏறத்தாழ எல்லாமே வழிந்து தெருவுக்கு ஓடுகிறது, ஐப்பசி கார்த்திகையில் தெருவில் முழங்கால் ஆழத்துக்கு நாம் மிதிக்கும் தண்ணீரில் நம் பங்கும் இருக்கிறது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் என்று நாலு ஏரியும் வறண்டு கிடந்தபோது லாரிக்கு நாம் என்ன பாடுபட்டோம் என்பதை யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. முழுவதையும் மண்ணுக்குள் இறக்க முடியாது. ஆனால் தரை மண்ணாக இருந்து, மொட்டை மாடிக் குழாயையும் கிணற்றுக்குத் திருப்பினால் பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம். மேலே களிமண் என்பதால் அதைத் தாண்டி மணல் தட்டும் வரை உறை இறக்க வேண்டும், பதினைந்து அடி போக வேண்டியிருக்கும் என்று பார்த்துவிட்டுப் போன கிணறு வெட்டுபவர் சொன்னார். கிணறும் குழாய் இணைப்பும் வண்டல் தங்கும் தொட்டியும் சேர்த்து 85,000 ரூபாய். பட்டியலில் பெரிய செலவு இதுதான், குறைக்கவும் முடியாது.

சிமென்ட் உடைத்து இடிபாட்டை லாரியில் ஏற்றி அனுப்ப 65,000. செம்மண்ணும் மட்கிய எருவும் 55,000. சமையலறைக் கழிவை மட்கவைக்கும் நாலு தொட்டிகளுக்கு 40,000. கன்று, செடி, ஊன்றுகோல், சொட்டுநீர்க் குழாய்க்கு 30,000. இரண்டு கல் பெஞ்சுக்கு 25,000. முதல் வருடம் மட்டும் வாரத்தில் சில நாள் வந்து பார்த்துக்கொள்ளும் தோட்டக்காரருக்கு மாதம் 4,000. கன்று வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டால் கத்திரி வெயிலில் எல்லாம் கருகிவிடும், அதனால் அந்தச் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம்.

மட்கும் தொட்டிகள் எதற்கு என்று கேட்டவர்களுக்கு: தென்சென்னையின் குப்பை பெருங்குடிக் கிடங்குக்குத்தான் போகிறது, அந்தக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற சதுப்பு நிலம் அது. அதை ஒட்டிப் போகும் ரேடியல் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பிள்ளைகளுக்குப் பூநாரையும் கூழைக்கடாவும் காட்டுகிறோம், வீட்டுக்கு வந்து அந்தப் பக்கம்தான் வாழைப்பழத்தோலையும் அனுப்புகிறோம். அதை இங்கேயே எருவாக்கினால் செடிக்கு ஆகும், வெளியே எருவும் வாங்க வேண்டாம்.

என்ன மரம் என்பதில் குழுவுக்குள்ளேயே நிறையப் பேச்சு நடந்தது. சீக்கிரம் வளர்ந்து நிழல் தரும் மரமாக வைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் நம் வாசலில் இருந்த பெருங்கொன்றை வேரோடு சாய்ந்ததை நாம் பார்த்தோம், தூரைச் சுற்றிச் சிமென்ட் பூசியிருந்ததால் வேர் ஓட இடமே இருக்கவில்லை. அதனால் நம் மண்ணுக்குப் பழகிய மரங்களாக, போதிய இடைவெளி விட்டு, எட்டு ஒன்பது மட்டும் வைக்கப் போகிறோம்: புங்கை, மகிழம், பூவரசு, புன்னை, சரக்கொன்றை. நாவலும் ஒன்று உண்டு, பழம் விழுந்து கார் கறையாகாமல் இருக்கக் கோடி மூலையில். ஏற்கனவே நிற்கும் வேம்பு அப்படியே இருக்கும், பெஞ்ச் இரண்டும் அதன் அடியில் வரும். இன்று பிளாஸ்டிக் நாற்காலியை நிழலுக்கு நிழல் இழுத்துப்போட்டு உட்காரும் நம் வாட்ச்மேன்களுக்கும், வீட்டு வேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் கொஞ்சம் உட்கார இடம் தேடும் அக்காக்களுக்கும் அந்தப் பெஞ்ச் சொந்தம். இதில் குழு முழுவதும் ஒரே குரலில் இருக்கிறது.

செடிகளில் செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, பவழமல்லி. ஒரு மூலையில் எருக்கும் வைக்கிறோம், யாரும் முகம் சுளிக்க வேண்டாம், வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது எருக்கிலைகளில்தான், பால் கண்ணில் படக் கூடாது என்பதால் பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி வேலிக்கு உள்ளே இருக்கும். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் அப்படியே, அவற்றின் இலைகளில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் புழுவைக் கண்டால் மருந்தடிக்காதீர்கள், சில வாரத்தில் அது பறக்கும். பங்குனி சித்திரை மதியத்தில் "டுக் டுக் டுக்" என்று விடாமல் கேட்குமே, அந்தச் செம்மார்புக் குக்குறுவான் பறவைக்கு நம் வளாகத்தில் உட்கார இன்று ஒரே ஒரு வேம்புதான் இருக்கிறது. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, ஒரு கால் மணி நேரம் நின்று பார்த்ததை எழுதினால் போதும், வரும் பொங்கலுக்கு நம் பிள்ளைகள் இந்தத் தோட்டத்திலிருந்தே எழுதலாம்.

கொசு வரும், பாம்பு வரும் என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. கொசு தேங்கிய தண்ணீரில்தான் பெருகும், இன்று குவிந்து கிடக்கும் உடைந்த சிங்க்கில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது, முதலில் போகப் போவதே அதுதான். கிணற்றுக்கு மூடியும் வலையும் உண்டு. பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி இடிபாட்டிலும் குப்பையிலும் குடியிருக்கிறது. செடி அடர்ந்து போகாமல் வெட்டிவிடுவதும் தோட்டக்காரர் வேலை. சுவரில் ஓதம் ஏறுமோ என்பவர்களுக்கு, மரங்கள் எல்லாம் கட்டடத்திலிருந்து தள்ளி மதில் பக்கமாகத்தான் வருகின்றன. ஒரு இழப்பு உண்மையானது: ஆறு பைக் நிறுத்தும் இடம் போகிறது. அவற்றை ஏ பிளாக் பக்கம் மாற்ற வரைபடம் போட்டு ஒட்டியிருக்கிறோம், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பணம் இல்லாமல் இன்றே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. பால்கனியில் ஒரு அகலமான மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள், வாரம் இரண்டு முறையாவது கொட்டித் தேய்த்து மாற்றுங்கள். மேற்கு வெயில் அடிக்கும் பால்கனியில் எதுவுமே வரவில்லை என்பவர்கள் பிரண்டையும் கற்றாழையும் வைத்துப் பாருங்கள். கற்பூரவல்லிக்கு ஒரு துண்டு ஒடித்து நட்டால் போதும், ஏ பிளாக்கில் நிறைய இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். காலை காபியை டிவி முன்னால் குடிக்காமல் பால்கனியில் நின்று குடியுங்கள். இவ்வளவுக்கும் குழு தேவையில்லை, நன்கொடையும் தேவையில்லை. ஆனால் தரையை உடைப்பதும் கிணறு போடுவதும் ஒரு வீட்டால் ஆகிற காரியம் இல்லை, அதற்குத்தான் கேட்கிறோம்.

வாடகைக்கு இருப்பவர்கள், "நாங்கள் அடுத்த வருடம் இருப்போமோ என்னவோ" என்று தயங்க வேண்டாம். உங்கள் வீட்டு உரிமையாளர்களிடமும் பேசிக்கொண்டிருக்கிறோம், நீங்கள் 100 ரூபாய் கொடுத்தாலும் சந்தோஷமே. முடியாதவர்களிடம் யாரும் கதவைத் தட்டி வந்து கேட்க மாட்டோம், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலும் ஒட்ட மாட்டோம். எல்லா வீடும் 2,500 கொடுத்தால்கூட 8,000 ரூபாய் குறைகிறது, கூடக் கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள். பிறந்தநாள், கல்யாண நாள், பெரியவர்கள் நினைவு நாள் என்று ஒரு மரத்துக்கான செலவை ஏற்க விரும்பினாலும் சொல்லுங்கள், ஆனால் பெயர்ப்பலகை வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

பணம் ஆவணி முடிவதற்குள் சேர வேண்டும். புரட்டாசியில் கிணறு முடிந்தால்தான் வடகிழக்குப் பருவமழையைப் பிடிக்க முடியும், கன்றுகளும் மழைத் தண்ணீரிலேயே வேர் பிடிக்கும். தவறினால் இன்னொரு வருடம் தள்ளிப் போகும். ஒவ்வொரு பிளாக் நோட்டீஸ் போர்டிலும் சங்கக் கணக்கின் க்யூஆர் ஒட்டியிருக்கிறது, ஜிபேயில் அனுப்பும்போது பிளாக்கும் வீட்டு எண்ணும் மறக்காமல் குறிப்பிடுங்கள். ரொக்கமாகத் தருபவர்கள் மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் சங்க அறையில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வரவு செலவு மாதம் ஒருமுறை பில்லோடு ஒட்டப்படும்.

வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பழைய டைல்ஸைப் பிரித்து அடுக்கும் வேலையைத் தொடங்குகிறோம், அன்றே முடித்தால் லாரிக்காரருக்கு ஒரு நடை மிச்சம். மண்வெட்டி, கடப்பாரை, பாண்டு வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள், செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள், கண்ணாடித் துண்டு நிறைய இருக்கிறது. டீயும் பன்னும் பி பிளாக்கிலிருந்து வருகிறது.

— தோட்டக் குழு