மாத்திரைக்கு முன் வலியைத் தேடுங்கள்

ஆசிரியருக்கு,

அறிவுசார் குறைபாடு உடையோருக்கான இல்லங்களில் மனநல மாத்திரைகள் தரப்படும் விதம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். அறிவுசார் குறைபாடு மனநோய் அன்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே மனநோயின் வரையறையிலிருந்து அதை விலக்கியிருக்கிறது. ஆயினும் கத்துகிறார், அடிக்கிறார் என்பதற்காகவே, மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் மருந்துகள் பலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன. இத்தகைய நடத்தை கொண்ட 86 பேரிடம் நடத்தப்பட்டு, 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், அத்தகைய மருந்துகளான ரிஸ்பெரிடோனோ ஹாலோபெரிடாலோ மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தரவில்லை.

என் தம்பிக்கு 34 வயது, பேச்சு வராது. இரவுகளில் கன்னத்தில் அறைந்துகொண்டு அலறியபோது மாத்திரை எழுதித் தந்தார்கள். அவன் நாள் முழுவதும் தூங்கினான், உடல் பெருத்தது, அறைவது மட்டும் நிற்கவில்லை. எட்டு மாதங்களுக்குப் பிறகு பல் மருத்துவர் ஒருவர்தான் கடைவாய்ப்பல்லின் வேரில் சீழ் கட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார். பல்லை எடுத்த வாரமே அவன் அமைதியானான். அந்த எட்டு மாத வலியை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. மனநோய் உண்மையிலேயே உள்ளவர்களுக்கு மருந்து தேவை என்பதை மறுக்கவில்லை. தரும் மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. ஆனால், நடத்தைக்காக மருந்து எழுதும் முன் பல், காது, மலச்சிக்கல், வலிப்பு ஆகியவற்றைப் பரிசோதிப்பதையும், எழுதிய மருந்தை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை குடும்பத்தினர் முன்னிலையில் மறுஆய்வு செய்வதையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை எல்லா இல்லங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், மதுரை