மீன்களுக்குப் பெயர் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஊர் மக்களுக்கு,

பாடம் படிப்பதற்காக மீன்களைப் பாட்டில்களில் பதப்படுத்தி வைத்திருக்கும் நம் பள்ளியின் மீன் அறை போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி திறந்தாயிற்று. வாசலில் நின்று சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அந்த மழையில் அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இரவோடு இரவாக வந்து வாளியால் இறைத்த இளைஞர்களே, உங்களால்தான் ஒரு பாட்டில்கூட உடையவில்லை. ஆனால் கீழ்த்தட்டுப் பாட்டில்களில் வெளியே ஒட்டியிருந்த சீட்டுகள் எல்லாம் உரிந்து மிதந்தன. ஸ்கெட்ச் பேனாவால் எழுதியவை, எழுத்தே கரைந்துவிட்டது. என்ன மீன், எங்கே, எந்தத் தேதியில், எந்த வலையில் கிடைத்தது என்று தெரியாத பாட்டிலை வைத்து எதையும் படிக்க முடியாது. பென்சிலால் எழுதி உள்ளேயே போட்டிருக்க வேண்டும். அது என் தவறு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மீன் ஏலம் முடிந்ததும் கூடையோடு வந்த அக்காக்களை எப்படி மறப்பேன்! கெடாமல் வைக்கும் மருந்தான ஃபார்மலினில் கிடந்த மீனுக்கு நிறம் இருக்காது, எல்லாம் ஒரே வெளிறல். நீங்கள் நிறத்தைத் தேடவே இல்லை. வாயைப் பார்த்தீர்கள், செதிலைப் பார்த்தீர்கள், வால் வெட்டைப் பார்த்தீர்கள். "இது கத்தாளைதான் சார், ஆனா அந்தக் கத்தாளை இல்ல" என்று இரண்டு பாட்டில்களைப் பிரித்து வைத்தீர்களே, புத்தகத்தோடு ஒப்பிட்டு அதையே உறுதி செய்ய எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. மூன்று நாள் வியாபாரத்தில் பாதியை எங்களுக்காக விட்டீர்கள்.

அப்புறம் அந்தப் பழைய மாணவி. பத்தாம் வகுப்பில் எழுதிய நோட்டைப் பத்திரமாக வைத்திருந்தாய் அம்மா. மீனின் நீளம், தேதி, வலை எல்லாம் அதில் இருந்தது. அக்காக்கள் சொன்ன பெயரையும் உன் நோட்டில் இருந்த அளவையும் சேர்த்துப் பார்த்துத்தான் பெரும்பாலான பாட்டில்களுக்கு விவரம் திரும்பியது. பொருந்தாதவற்றில் 'இடம், தேதி தெரியாது' என்றே எழுதியிருக்கிறோம். ஊகித்து எழுதுவதைவிட அதுவே நேர்மை.

பெயர் கேட்கும்போது உங்களிடம் ஒரு கதை சொன்னேன், நினைவிருக்கிறதா? 1771இல் தரங்கம்பாடிக்கு வந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார், நம் கடல் மீன்களைப் பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். பிளாக் 1793இல் ஒரு கத்தாளை இனத்துக்கு வைத்த அறிவியல் பெயர் 'ஜானியஸ் கருட்டா'. முதல் பாதி ஜானின் பெயர். பின் பாதி நம் 'கருத்த கத்தாளை'யில் இருக்கும் கருத்த! பிளாக் சேர்த்த மீன்கள் இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த பகுதியைத் திரும்பக் கட்டி, 2010இல் சுமார் 2,76,000 பாட்டில்களை அதற்குள் வைத்தார்கள். பார்க்க வருகிறவர்கள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

கல்லூரி ஆய்வக உதவியாளர் ஐயாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபார்மலின் நெடி பிள்ளைகளுக்கு ஆகாது என்று சொல்லி, மீன்களைத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, உங்கள் ஆய்வகத்திலேயே 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் கொடுத்தீர்கள். மூடி இறுக்கம் பார்க்கவும், ஆவியாகிக் குறைவதைக் கவனிக்கவும் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டீர்கள். உயர அலமாரி அடித்துத் தந்த ஆசாரி அண்ணனுக்கும், ஒவ்வொரு மீனையும் படமெடுத்து யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றிய தம்பிகளுக்கும் என் அன்பு.

ஜானுக்கு 'கருத்த கத்தாளை' என்று சொன்ன மீன்காரரின் பெயரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அதனால் நம் புதுச் சீட்டில் ஒரு வரி கூட்டியிருக்கிறோம்: 'பெயர் சொன்னவர்'. அக்காக்களே, அந்த வரியில் உங்கள் பெயரைப் பென்சிலால் எழுதி மீனோடு உள்ளே போட்டிருக்கிறோம். ஞாயிறு காலை வந்து பாருங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் வாத்தியார்